6,250 மீட்டர்: நம் நடைக்குழு கேட்டதும் நான் சொன்னதும்

போன ஞாயிறு அழகர்மலை நடை முடிந்து அடிவாரத்தில் டீ குடிக்கும்போது யாரோ ஒருவர் என் லடாக் மலையேற்றப் பேச்சை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: எனக்கு வயது 46. மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ். லடாக்கில் காங் யாட்சே 2 என்ற 6,250 மீட்டர் சிகரத்துக்கு, வழிகாட்டிக் குழுவோடு, இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை உச்சிக்குக் கீழேயே திரும்பினேன். இரண்டாவது தடவை ஏறினேன். எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி முதல் தடவை கற்றது.

"டெக்னிகல் இல்லாத சிகரம்னு போடுறாங்களே, அப்ப சதுரகிரி மாதிரி நடந்தே ஏறிரலாமாக்கா?" (கோ.புதூர் தம்பி)

பாதி சரி. பாறையில் தொற்றி ஏற வேண்டாம், செங்குத்தான பனிச்சுவரில் தொங்க வேண்டாம். அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். சுலபம் என்று அர்த்தமில்லை.

காங் யாட்சே 2-இன் கடைசிப் பகுதி முடிவே இல்லாத பனிச்சரிவு. ஷூவுக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முள்சட்டம் மாட்டி, கையில் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடாரி பிடித்து, நாலைந்து பேர் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு நடப்போம். அதை பேஸ் கேம்பிலேயே (சிகரத்தின் அடியில் போடும் முகாம்) அரைநாள் சொல்லித் தருவார்கள். பழகிவிடும். பக்கத்திலேயே காங் யாட்சே 1 இருக்கிறது, 6,400 மீட்டர். அது முறையாக மலையேற்றம் படித்தவர்களுக்கு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பிக்கொள்ளாதே.

மணாலி–லே சாலையில் பரத்பூர் பக்கம் யூனம் என்று ஒன்று உண்டு, 6,111 மீட்டர். பெரும்பாலும் சரளைக்கல் சரிவு. ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே வழுக்கும். ஒரு காலத்தில் எல்லோரும் போனது ஸ்டோக் காங்ரி, 6,153 மீட்டர். கூட்டம் தாங்காமல், கீழே ஸ்டோக் கிராமத்துக்குத் தண்ணீர் தரும் பனியாறு கெடுகிறது என்று 2020-இல் மூடினார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், இப்போது நிலைமை என்ன என்று லடாக்கின் முக்கிய ஊரான லேயில் விசாரிக்காமல் கட்டாதே.

சதுரகிரியோடு ஒப்பிட முடியாததற்கு ஒரே காரணம் காற்று. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஆக்சிஜன் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது பாதி. நாம் இருக்கும் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரம்.

"கொடைக்கானல்ல ஒரு வாரம் தங்கிட்டுப் போனா உடம்பு பழகிருமா?" (திருநகர் சார்)

பழகாது சார். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியே 2,695-தான். உயர நோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, வாந்தி எல்லாம், பொதுவாக 2,500-க்கு மேல்தான் தலைகாட்டும். உடம்பு பழகுவது அங்கே போய்ப் படிப்படியாக ஏறும்போதுதான். இறங்கி வந்தால் சில வாரங்களில் அந்தப் பழக்கமும் போய்விடும். கொடைக்கானலில் நடந்தால் காலுக்கு நல்லது, அதற்காகப் போங்கள்.

"அப்ப நம்ம ஊர்ல என்னதான் பயிற்சி எடுக்கிறது?" (அதே திருநகர் சார்)

நான் செய்ததைச் சொல்கிறேன். ஆறு மாதம். வாரத்தில் நாலு நாள் காலை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி மெதுவான ஓட்டம், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில். இதுதான் முக்கியம், எல்லோரும் இதைத்தான் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். மூச்சு வாங்க ஓடுவதைவிட ஒரு மணி நேரம் நிதானமாக ஓடுவது இந்த மலைக்கு அதிகம் உதவும்.

ஞாயிறு அழகர்கோவில். அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை தாண்டி ராக்காயி அம்மன் கோயில் வரை, முதுகுப் பையில் 10 லிட்டர் தண்ணீர். மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்குவேன். முழங்காலைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. கொட்டுவதும் வீணில்லை, குரங்குகளும் மரங்களும் இருக்கின்றன. கடைசி இரண்டு மாதம் அதையே ஒரே நாளில் இரண்டு தடவை. கூடவே வீட்டு மாடிப்படி, ஒற்றைக்கால் உட்கார்ந்து எழுதல்.

காட்டுப்பாதைகளுக்குப் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனதை தேனி, மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் வார்டில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

"தினமும் பிராணாயாமம் பண்றேன். எனக்கு ஆக்சிஜன் பிரச்சினை வராதுல்ல? கற்பூரமும் எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன்." (எஸ்.எஸ்.காலனி மாமா)

வரலாம் மாமா. பிராணாயாமம் பதற்றத்தைக் குறைக்கும், அது அங்கே கைகொடுக்கும். உயர நோயைத் தடுக்காது. கற்பூரம் மூக்குக்கு நன்றாக இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிஷத்துக்குத்தான். சாமிக்கு வேண்டுமானால் கற்பூரம் கொண்டு போங்கள்.

"அக்கா, எனக்கு 21 வயசு, ஜிம் பாடி. எனக்குமா தலைவலி வரும்?" (மேலூர் தம்பி)

உனக்குத்தான் முதலில் வரும். கிண்டல் இல்லை. உடல் தகுதிக்கும் உயர நோய்க்கும் சம்பந்தம் குறைவு. தெம்பாக இருப்பவன் வேகமாக ஏறுவான், வேகமாக ஏறினால் நோய் வரும். எங்கள் குழுவில் லேயில் படியேறிக் காட்டிய பையன்தான் மூன்றாம் நாள் சாப்பிடாமல் படுத்தான். மெதுவாக நட. உனக்கு முன்னால் ஒரு பாட்டி போவதாக நினைத்துக்கொண்டு, அவரை முந்தாமல் நட.

"கைடு கூடவே வர்றாருல்ல, எல்லாத்தையும் அவரு பாத்துக்க மாட்டாரா?" (ஆரப்பாளையம் அண்ணன்)

அண்ணே, இந்தக் கேள்விக்குத்தான் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

வழி, வானிலை, கயிறு, எப்போது கிளம்புவது, எங்கே ஆற்றைக் கடப்பது, எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். சிகரத்துக்குப் போகும் வழியில் மார்க்கா பள்ளத்தாக்கில் மத்தியானத்துக்கு மேல் பனி உருகி ஓடையில் தண்ணீர் ஏறும், அதனால் காலையிலேயே கடக்க வைப்பார். ஆனால் உங்கள் தலைக்குள் இருக்கும் வலி அவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

நான் சொல்லவில்லை. முதல் தடவை போனபோது எங்கள் ஏற்பாட்டாளர் லேயில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு கொடுத்தார். விமானத்தில் ஒரே தாவில் 3,500 மீட்டருக்குப் போய் இறங்குகிறோம், குறைந்தது இரண்டு முழுநாள் சும்மா இருக்க வேண்டும். 3,000-க்கு மேல் போன பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நர்ஸ்தானே. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த காசு, எடுத்த லீவு, ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தது, எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிப்போட்டது.

5,100-ஐ ஒட்டிய பேஸ் கேம்பில் தலை வெடிக்கிற மாதிரி வலி. சாப்பாடு இறங்கவில்லை. கைடு கேட்டார், "சூப்பரா இருக்கேன்" என்றேன். தனியாகப் போய் பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன். ஒரு நோயாளி என்னிடம் இப்படிப் பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

இரவு பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். 5,800 வாக்கில் வாந்தி. கொஞ்ச நேரத்தில் கால் பின்ன ஆரம்பித்தது. கைடு என்னை நிறுத்தி, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியிலேயே சாய்ந்தேன். களைப்பு என்று வாதாடினேன். அவர் வாதாடவில்லை. கயிற்றிலிருந்து என்னை அவிழ்த்து, உதவி கைடோடு அப்போதே, அந்த இருட்டிலேயே கீழே அனுப்பினார். காலை வரை காத்திருக்கச் சொல்லவில்லை, பேஸ் கேம்பில் படுக்கவும் விடவில்லை. 4,000 மீட்டரை ஒட்டியிருக்கும் ஹங்கர் கிராமத்துக்கு இறங்கினோம். சாயங்காலம் தால் சாதம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

தலைவலியோடு நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் மூளை வீங்குகிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடாத இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான், உடனே. மற்ற மருந்தெல்லாம் இறங்கும்போது துணைக்கு.

அதனால் ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது உச்சியில் நின்ற போட்டோக்களைப் பார்க்காதீர்கள் அண்ணே. லேயில் எத்தனை நாள், நடுவில் ஓய்வு நாள் உண்டா, உச்சிக்கு ஒரு உபரி நாள் உண்டா, எத்தனை பேருக்கு ஒரு கைடு, எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கு உண்டா, யாராவது பாதியில் இறங்கினால் கூடப் போக ஆள் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

"டயமாக்ஸ் போடலாமா?" (உசிலம்பட்டி ஆசிரியர்)

உயர நோயைத் தடுக்கப் போடும் மாத்திரை அது. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் போடலாம். தடுப்புக்கு வழக்கமாக 125 மி.கி. காலையும் இரவும், ஏறத் தொடங்கும் முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம். மாத்திரை போட்டாயிற்று, இனி வேகமாக ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

"எனக்கு சுகர் இருக்கு, பத்து வருஷமா." (பெயர் வேண்டாம் என்றவர்)

சுகர் இருப்பவர்கள் ஏறியிருக்கிறார்கள், முடியாதது இல்லை. ஆனால் கண், சிறுநீரகம், இதயம் பார்த்துவிட்டுத்தான். இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும், சட்டைக்குள் உடம்போடு வைக்க வேண்டும். குளிரில் குளுக்கோமீட்டரும் ஒழுங்காகக் காட்டாது, அதையும் உள்ளே வைத்திருங்கள். உங்களிடம் நேரில் பேசுகிறேன்.

"அக்கா, டாய்லெட், பீரியட்ஸ் இதெல்லாம்...?" (திருப்பாலையிலிருந்து ஒரு தங்கை)

கேட்டது நல்லது. கேம்பில் சின்னக் கூடாரத்துக்குள் குழி தோண்டி வைத்திருப்பார்கள், பக்கத்தில் மண். நடைவழியில் பாறை மறைவுதான். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள்தான் அங்கே சீக்கிரம் விழுகிறார்கள். தினம் நாலு லிட்டர் குடித்தே ஆக வேண்டும், கூச்சத்தைத் தெப்பக்குளத்திலேயே விட்டுவிட்டு வா. உயரத்தில் தேதி முன்னே பின்னே ஆகும், எனக்கு ஆறு நாள் முன்னாலேயே வந்தது. நாள் கணக்கை நம்பாமல் தேவையானதைக் கொண்டு போ. பயன்படுத்தியதை உறையில் போட்டுத் திருப்பி லேக்குக் கொண்டுவர வேண்டும், அங்கே புதைக்காதே. மாதவிடாய் என்பதற்காக ஏறாமல் இருக்க வேண்டியதில்லை.

"சாப்பாடு?" (சிம்மக்கல் அண்ணாச்சி)

சப்பாத்தி, தால், ராஜ்மா, சாதம். சைவம்தான் பெரும்பாலும். 5,000 மீட்டரில் தண்ணீர் 83, 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. மேலே போகப் போகப் பசி செத்துவிடும் அண்ணாச்சி, அப்போது வாய்க்குப் பிடித்தது ஏதாவது வேண்டும். நான் நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கடலைமிட்டாயும் கொண்டு போனேன். சாக்லேட் கல்லாகிவிட்டது. கடலைமிட்டாயைச் சட்டைப்பையில் வைத்துக் கடித்துக்கொண்டே ஏறினேன். ஹிமாச்சல்காரர் ஒருவர் ஊறுகாயில் பாதியைத் தீர்த்துவிட்டார்.

"செலவு, போன் சிக்னல், இன்சூரன்ஸ்?" (பலர்)

விமானம், உடை, வாடகைக்கு எடுத்த பூட்ஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. பூட்ஸ் வாடகைக்குப் போதும், உள்ளே போடும் கம்பளிக் காலுறையைச் சொந்தமாக வாங்குங்கள். வெளியூர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் போனால் பெரும்பாலும் இல்லை. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாலாம் நாள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். இன்சூரன்ஸில் எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயணப் பாலிசி பல சமயம் இந்த உயரத்துக்கு வராது.

"உச்சியில நின்னப்ப எப்படி இருந்துச்சுக்கா?" (மறுபடியும் கோ.புதூர் தம்பி)

இரண்டாவது தடவை லேயிலேயே மூன்று நாள் இருந்தேன். பேஸ் கேம்பில் லேசாகத் தலைவலித்தது, அப்போதே கைடிடம் சொன்னேன். ஒரு நாள் தள்ளிப்போட்டார். மறுநாள் இரவு கிளம்பி, காலை எட்டு மணிக்கு மேலே. வடக்கே காரகோரம் மலைகள் வரிசையாக. அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை, விரல் மரத்திருந்தது, மூக்கு ஒழுகியது. பதினைந்து நிமிஷத்தில் இறங்கச் சொல்லிவிட்டார்கள், வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும். படம் எடுக்கப் போனை எடுத்தேன், குளிரில் பேட்டரி செத்துவிட்டது. கேம்புக்கு வந்து சூடானதும் 60 சதவீதம் காட்டியது. போனைச் சட்டைக்குள் வைத்துக்கொள், தம்பி.