சுட்டி மாட்டின் முகத்தோல் உரிவது ஏன்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறேன். பிரீசியன் கலப்புப் பசு ஒன்று வாங்கினேன். தரகர் "நல்ல சுட்டி மாடு, பால் கொட்டும்" என்றார். அம்மாவோ வெள்ளை மூஞ்சி மாடு வீட்டுக்கு ஆகாது என்கிறார். இப்போது நெற்றியிலும் மூக்கோரத்திலும் வெள்ளையான இடம் மட்டும் சிவந்து தோல் உரிகிறது. பாலும் குறைந்துவிட்டது. விற்றுவிடவா?

பதில்: விற்காதீர்கள் தம்பி. நெற்றியில் வெள்ளை விழுந்த மாட்டைச் சுட்டி என்பது அடையாளத்துக்குத்தான். பால் கூடுவதும் குறைவதும் அதனால் இல்லை, வீட்டுக்குக் கெடுதலும் இல்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வெள்ளை மட்டும் உரிந்து, ஒட்டியிருக்கும் கறுப்பு நன்றாக இருக்கிறதா? சொறியோ படையோ அப்படி நிறம் பார்த்து வராது. வெள்ளை மயிருக்கு அடியில் வெயிலைத் தாங்கும் கருநிறம் இல்லை. மலையில் வெயில் குளிராகத் தெரிந்தாலும் சுடும். ஆனால் பாலும் குறைந்தது என்கிறீர்களே, அதனால் எனக்கு நாயுண்ணிச் செடி மேல்தான் சந்தேகம். தேயிலை மலை ஓரத்தில், மஞ்சளும் ரோசாவுமாகக் கொத்தாகப் பூத்து, இலையைக் கசக்கினால் நெடி அடிக்குமே, அதுதான். புல் காய்ந்த மாதங்களில் பசியில் மாடு அதையும் கடிக்கும்; அறுத்துவரும் புல்லோடும் சேர்ந்து வரும். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பச்சை இலை செரிக்கும்போது உண்டாகும் ஒரு பொருள் பித்தத்தோடு வெளியேற வேண்டியது, வெளியேறாமல் இரத்தத்தில் தங்கித் தோலுக்கு வரும். அதன்மேல் வெயில் பட்டால் வெள்ளைத்தோல் வெந்துபோகும்.

கண் இமையை விலக்கிப் பாருங்கள், வெள்ளைவிழி மஞ்சளா? சிறுநீர் கடும் நிறமா? சாணி இறுகிவிட்டதா? ஒன்று இருந்தாலும் இன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். தின்பதை நிறுத்தினாலும் இரைப்பை அசையாமல் நிற்பதால் உள்ளே கிடக்கும் இலையிலிருந்து நஞ்சு நாள்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நஞ்சை உறிஞ்ச அவர் கொடுக்கும் மருந்துக்கரி வேறு, நம் அடுப்புக்கரி வேறு.

அவர் வரும்வரை பகலில் மாட்டைக் கொட்டிலை விட்டு இறக்காதீர்கள். புல்லைக் கையால் கிளறிப் பார்த்துப் போடுங்கள். புண்ணில் ஈ மொய்க்கவிட்டால் புழு வைக்கும். முலைக்காம்பு வெள்ளையென்றால் அங்கும் வெடித்திருக்கும், மெதுவாகக் கறவுங்கள். ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை விற்பனைக்கு ஊற்றக்கூடாது என்று வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.