கடைகள் குறைந்த அங்காடியைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: ஈஸ்டரையொட்டி நடைபெறும் தியாகராஜ ஆராதனை விழாவுக்காக என் மகள் என்னை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக்கு அழைத்திருக்கிறாள். கச்சேரிகளுக்கு நடுவே ஒரு பகல் ஓய்வாக இருக்கும். அந்த நகரத்தின் நடுவே இருக்கும் ‘ஆர்கேட்’ என்ற பழைய அங்காடியின் படத்தைப் பார்த்த நாள் முதல், அதை நேரில் காண வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. மாப்பிள்ளையோ, அங்கே கடைகள் குறைந்துவிட்டன, வாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்கிறார். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. போவது வீண் அலைச்சலா?
– ஒரு வாசகி, கல்பாத்தி, பாலக்காடு

பதில்: அவசியம் போய் வாருங்கள். மாப்பிள்ளை சொல்வது உண்மைதான். புடவையோ பரிசுப் பொருளோ வாங்கும் எண்ணத்தோடு போகிறவர்களுக்கு அது ஏற்ற இடமல்ல. ஆனால், நீங்கள் கட்டடத்தைப் பார்க்கப் போகிறீர்கள். கட்டடம் பார்க்கிறவர்களுக்குக் கூட்டம் குறைந்த அங்காடியைப் போல வசதியான இடம் வேறு இல்லை. நடு வழியில் நின்று, யார் மீதும் இடிக்காமல், கழுத்து வலிக்கும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கல்பாத்தியில் வாழும் உங்களுக்கு அந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்வது மிக எளிது. அக்ரகாரத்து வீடுகள் ஒன்றுக்கொன்று பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு, திண்ணையிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடப்பதால், பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. எனவே நடுவில் மித்தத்தை, அதாவது முற்றத்தை, திறந்து வைத்து வெளிச்சத்தை மேலிருந்து இறக்கினார்கள். கிளீவ்லாந்தில் யூக்ளிட், சுப்பீரியர் என்ற இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே நீண்டு கிடந்த மனையில் கட்டியவர்களுக்கும் இதே சிக்கல்தான். அவர்கள் ஏறத்தாழ 300 அடி நீளத்துக்கு ஒரு மித்தத்தை விட்டு, அதைச் சுற்றி ஐந்து அடுக்குகளில் கடைகளையும் அலுவலகங்களையும் அமைத்து, பனியும் மழையும் உள்ளே விழாதபடி சுமார் 100 அடி உயரத்தில் இரும்புச் சட்டங்களின் மேல் கண்ணாடிக் கூரை போட்டார்கள். அந்தக் கூரையில் ஏறத்தாழ 1,800 கண்ணாடிகள் இருக்கின்றன. 1890-இல் அங்காடி திறக்கப்பட்டபோது மின்விளக்கு இன்னும் புதுமையாகவே இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கண்ணாடியின் அருமை விளங்கும்.

ஜான் ஐசன்மன், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் இதை வடிவமைத்தார்கள். ராக்பெல்லர் உள்ளிட்ட பெருஞ்செல்வர்கள் பணம் போட்டார்கள். கூரையைத் தாங்கும் சட்டங்களின் அமைப்பு அக்காலத்துக்கு மிகப் புதியது. கட்டட ஒப்பந்தக்காரர்கள் தயங்கியதால், அந்த வேலை டெட்ராய்டைச் சேர்ந்த, பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றிடம் போயிற்று. அண்ணாந்து பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பாலத்தைக் கட்டிய கைகளின் திறன் அந்த வளைவுகளில் தெரியும்.

மற்றொரு நுட்பத்தையும் தவறவிடாதீர்கள். யூக்ளிட் சாலை, சுப்பீரியர் சாலையைவிடப் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கிறது. இந்த மேடுபள்ளத்தை மறைக்க முயலாமல், இரண்டு சாலைகளிலிருந்தும் நேராக நுழையும்படி இரண்டு தரைத்தளங்களை அமைத்து, அவற்றை உள்ளே படிக்கட்டுகளால் இணைத்துவிட்டார்கள். உங்கள் முழங்காலுக்கும் இதுவே நல்லது. யூக்ளிட் பக்கமாக நுழைந்தால் படி இறங்காமலேயே மேல்தளத்துக் கிராதியின் ஓரமாக நின்று முழு நீளத்தையும் பார்க்கலாம். கீழே போக லிஃப்ட் இருக்கிறது. நுழைவதற்கு முன் வாசலில் இரண்டு சிற்ப முகங்களைப் பாருங்கள். 1939-இல் அந்த முகப்பை மாற்றிக் கட்டியபோது வைக்கப்பட்டவை அவை. அவற்றில் ஒன்று, 1879-இலேயே அந்நகரின் பொதுச் சதுக்கத்தில் மின்வில் விளக்குகளை ஏற்றிக் காட்டிய சார்லஸ் பிரஷ்ஷின் முகம். பழைய கல் வளைவு மாறாமல் இருப்பது சுப்பீரியர் பக்கத்தில்தான். ஆகவே, அந்த வழியாக வெளியே வாருங்கள்.

அங்காடியின் பழைய கலகலப்பு ஏன் போயிற்று என்பதற்கு நகரத்தின் மக்கள்தொகையே விடை சொல்லும். 1950-இல் 9 லட்சத்துக்கும் மேல் இருந்த எண்ணிக்கை 2020-இல் 3.7 லட்சமாகக் குறைந்துவிட்டது. மக்கள் புறநகர்களுக்குப் போனார்கள்; கடைகளும் பின்னாலேயே போயின. 1975-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம் 2001-இல் புதுப்பிக்கப்பட்டபோது, மேல் அடுக்குகள் ஹோட்டல் அறைகளாகின. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஹோட்டல் வந்ததால்தான் கூரை ஒழுகாமல் நிற்கிறது. மேல் அடுக்குகள் தங்குபவர்களுக்கு உரியவை. கீழே உள்ள இரண்டு தளங்களைத்தான் நாம் சுற்றிப் பார்க்க முடியும்.

விழா நடக்கும் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகம் அதே யூக்ளிட் சாலையில்தான் இருக்கிறது. அங்கிருந்து ‘ஹெல்த்லைன்’ பேருந்தில் ஏறி, பொதுச் சதுக்கத்தை நெருங்கும்போது இறங்கினால் சிறிது தூரமே நடக்க வேண்டியிருக்கும். வார நாளாகப் பார்த்து, நண்பகலையொட்டிப் போங்கள். நான் போன நாளில் மேகம் விலகிய ஒரு நொடியில், கூரைச் சட்டங்களின் நிழல் முழுவதும் கோலத்துக் கட்டங்களைப் போலத் தரையில் விழுந்து, மறு நொடியே கரைந்து போயிற்று. அது மீண்டும் வருமா என்று அரை மணி நேரம் காத்திருந்தேன்; இரண்டு முறை வந்தது. ஈஸ்டர் காலத்திலும் அங்கே பனி பெய்வதுண்டு, கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.

கேள்வி: கடைத்தெருவுக்குக் கண்ணாடிக் கூரை போடும் வழக்கம் எங்கே தோன்றியது?
– ஒரு வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: பாரிஸ் நகரத்தில் அது வேரூன்றியது. நடைபாதையே இல்லாத அந்நகரத்துத் தெருக்களில் சேற்றுக்கும் குதிரை வண்டிகளுக்கும் அஞ்சாமல் நடக்க ஓர் இடம் கிடைத்ததும், மக்கள் கூடினார்கள். 1800-ஐ ஒட்டித் திறக்கப்பட்ட ‘பசாழ் தே பனோரமா’ என்ற கண்ணாடிக் கூரைக் கடைத்தெருவில் 1817-இலேயே எரிவாயு விளக்குகள் வந்துவிட்டன. மேலே சொன்ன கிளீவ்லாந்து அங்காடிக்கு முன்மாதிரியாக இருந்தது இத்தாலியின் மிலான் நகரத்து அங்காடி. அதை வடிவமைத்த மெங்கோனி, வேலை முழுவதும் முடியும் தறுவாயில், 1877 டிசம்பரில், அந்தக் கட்டடத்திலிருந்தே விழுந்து இறந்தார். பாரிசுக்குப் போக வாய்த்தால் பனோரமாவுக்குள் நுழைந்து பாருங்கள். பழைய அஞ்சல் தலைகள் விற்கும் சிறிய கடைகள் அங்கே இருக்கின்றன.