கனடாவுக்குக் குடும்பத்தை அழைத்தல்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கனடாவில் எனக்கு பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) உண்டு. தை மாதம் யாழ்ப்பாணம் போய்ப் பதிவுத் திருமணம் மட்டும் செய்துவிட்டு வந்தேன். கோயில் கலியாணம் அடுத்த ஆண்டுதான். இப்போதே மனைவியை ஸ்பொன்சர் செய்யலாமா? சம்பளம் குறைவு.

பதில்: தாராளமாகச் செய்யலாம். பதிவு முடிந்ததுமே அவர் சட்டப்படி உங்கள் மனைவி. கணவன் மனைவியை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் அரச உதவிப்பணம் எடுப்பவராக இருக்கக்கூடாது. இயலாமைக்கான உதவி இதில் சேராது. அவர் வந்தபின் 3 ஆண்டுகள் அவருடைய செலவு உங்கள் பொறுப்பு. இடையில் விவாகரத்து ஆனாலும் அது நீங்காது.

நிராகரிப்பு பெரும்பாலும் வருவது உறவு உண்மையானதா என்ற சந்தேகத்தால். எழுத்து (பதிவு) ஒரு நாள், தாலி இன்னொரு நாள் என்பது நமக்கு வழமை. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே உறவு பற்றிய விபரம் கேட்கும் 5532ஆம் இலக்கப் படிவத்தில் விளக்கமாக எழுதுங்கள்: சம்பந்தம் யார் பேசியது, பதிவுக்கு யார் யார் வந்தார்கள், சடங்கை ஏன் தள்ளிவைத்தீர்கள். உங்கள் பதிலில் ஒரு திகதியும் மனைவியின் பதிலில் வேறு திகதியும் இருந்தால் நேர்முகத்துக்கு அழைக்கக்கூடும். படங்கள் 20 போதும். எல்லாமே பதிவு நாளில் எடுத்தவையாக இருந்தால் பயனில்லை. வெவ்வேறு நாட்களில், இரு வீட்டாரோடும் எடுத்தவற்றைத் தெரிவு செய்யுங்கள். பயணச்சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, பேசிய அழைப்புகளின் பதிவு ஆகியவையும் வலுச் சேர்க்கும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்குத் தீராத தலையிடி. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று என்று இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்பி, மற்ற வடிவங்களை 'வேறு பெயர்கள்' பகுதியில் எழுதுங்கள். தமிழ்ப் பத்திரங்களை நீங்களோ உறவினரோ மொழிபெயர்க்கக்கூடாது. கடந்த 10 ஆண்டுகளில் மனைவி படிப்புக்காகச் சென்னையில் தொடர்ந்து 6 மாதம் இருந்திருந்தாலும், இந்தியாவின் பொலிஸ் அறிக்கையும் தேவைப்படலாம்.

கேள்வி: திறன்சார் குடியேற்றத்தில் தனியாள் என்று எழுதி வந்தேன். உண்மையில் வந்திறங்குமுன்பே பதிவு நடந்துவிட்டது. இப்போது மனைவியை அழைக்கலாமா?

பதில்: விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். பி.ஆர். பெறும்போது சொல்லாமல் விட்டு, அதனால் பரிசோதிக்கப்படாமல் போன குடும்பத்தவர் குடும்ப வகுப்பில் (ஸ்பொன்சர் செய்து அழைக்கக்கூடிய உறவினர் பிரிவில்) சேரமாட்டார். 2019இல் வந்த விசேட சலுகை அகதிகளாகவோ, ஸ்பொன்சர் செய்யப்பட்ட துணையாகவோ பிள்ளையாகவோ வந்தவர்களுக்கானது. உங்களுக்கு எஞ்சியிருப்பது மனிதாபிமான அடிப்படையிலான கோரிக்கை. உண்மையை மறைத்ததாகக் கருதினால் உங்கள் பி.ஆர். உரிமையே கேள்விக்குள்ளாகும். மனைவியின் கோப்பைத் திறந்தால் உங்கள் கோப்பும் கூடவே திறக்கும்.

கேள்வி: 30 வயதுத் தம்பியை ஸ்பொன்சர் செய்ய வழி உண்டா?

பதில்: பெற்றோரை இழந்த, 18 வயதுக்குக் குறைந்த, மணமாகாத உடன்பிறப்பைத்தான் அழைக்கலாம். கனடாவில் வேறு நெருங்கிய உறவே இல்லாத, அழைக்கக்கூடிய பெற்றோரோ துணையோ பிள்ளையோ இல்லாத ஸ்பொன்சருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மற்றபடி தம்பி தன் படிப்பையும் வேலை அனுபவத்தையும் வைத்துத் தானே விண்ணப்பிப்பதுதான் வழி.