வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிஸ்ட்ரோவில் எதை ஆர்டர் செய்தால் ஏமாறாமல் இருக்கலாம்?

படிக்கிற காலத்தில் இரண்டு வருடம் ஒரு பிஸ்ட்ரோவில், அதாவது பிரெஞ்சு பாணியில் எளிய சாப்பாடு தரும் சின்ன உணவகத்தில், வாரக் கடைசியில் பாத்திரம் கழுவினேன். அப்புறம் வெங்காயம் நறுக்க விட்டார்கள். கடைசி ஆறு மாதம் சாலட் தட்டு அடுக்கும் அளவுக்கு முன்னேறினேன், அதற்கு மேல் போகவில்லை. அதனால் இது சமையல் தெரிந்தவரின் பதில் இல்லை. சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டு, தட்டு எப்படி வெளியே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று பார்த்தவனின் பதில்.

கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: உள்ளே எத்தனை பேர் சமைக்கிறார்கள் என்பதை மனதில் வைத்து ஆர்டர் செய்யுங்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் முப்பது நாற்காலி. உள்ளே ஆறு அடுப்பு, ஒரு ஓவன். சமைப்பவர் ஒருவர், அவருக்கு உதவியாக ஒருவர், பிறகு நான். சனிக்கிழமை இரவு எட்டு மணி வாக்கில் எல்லா டேபிளும் ஒன்றாக நிறையும். அரை மணி நேரத்தில் பதினைந்து ஆர்டர் சீட்டு வரிசையாகத் தொங்கும். அந்த நேரத்தில் காலையிலேயே அடுப்பில் ஏற்றி, மெல்லிய தீயில் மூன்று நான்கு மணி நேரம் வெந்த இறைச்சி ஸ்டூ கேட்டால், சூடாக்கிக் கரண்டியில் மொண்டு தட்டில் ஊற்ற வேண்டியதுதான். நாலாவது ஆளுக்கும் பதினாலாவது ஆளுக்கும் ஒரே ருசி. கடினமான இறைச்சித் துண்டில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெதுவாக இளகி ஜெலட்டினாக மாற நேரம் வேண்டும். அந்த நேரத்தை நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ செலவழித்துவிட்டார்கள். ஒரு ராத்திரி ஊறிய ஸ்டூ இன்னும் நன்றாக இருக்கும்.

அதே எட்டு மணிக்கு ஸ்டேக், அதாவது அப்போதே வாட்டித் தரும் தடித்த இறைச்சித் துண்டு, கேட்டுப் பாருங்கள். வாணலியிலிருந்து இறைச்சியை எடுத்த பிறகு ஐந்து நிமிடமாவது அப்படியே விட்டு வைத்தால்தான் சாறு உள்ளே தங்கும். சீட்டு குவியும்போது முதலில் பலியாவது அந்த ஐந்து நிமிடம்தான். மீன் கதையும் அப்படியே. ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் போயிற்று. சமைப்பவருக்குக் கை தெரியாது என்று அர்த்தமில்லை. அவருக்கு இருப்பது இரண்டு கை.

திரும்பி வரும் தட்டுகள் எனக்கு அதைத்தான் காட்டின. ஸ்டூ போன தட்டுகள் ரொட்டியால் துடைத்து வழித்த மாதிரி வரும், எனக்குக் கழுவும் வேலை பாதி மிச்சம். ஸ்டேக் தட்டில் ரத்த நிறத் தண்ணீர் தேங்கி, நடுத்துண்டு அப்படியே இருக்கும், உருளை வறுவல் அதில் ஊறிக் கிடக்கும். செவ்வாய், புதன் மாதிரி கூட்டம் இல்லாத நாளில் அதே ஸ்டேக், அதே ஆள் போட்டது, பிரமாதமாக இருக்கும். ஸ்டேக்தான் வேண்டும் என்றால் அந்த நாளில் போங்கள்.

அடுத்தது மெனு. இரண்டு பேர் சமைக்கும் இடத்தில் அறுபது அயிட்டம் எழுதியிருந்தால் அதில் நாற்பது ஃப்ரீசரிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பத்து அயிட்டம் இருந்தால் நிம்மதி. அதிலும் ஒரே பொருள் இரண்டு மூன்று இடத்தில் தலைகாட்டினால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கோழி ரோஸ்ட் இருக்கிறது, கோழி சூப்பும் இருக்கிறது, மிச்சத்தைத் தலையில் கட்டுகிறார்களோ என்று. எனக்கு அது நல்ல அறிகுறி. ரோஸ்ட் செய்த கோழியின் எலும்பு, அதை வேகவைத்துச் சாறு எடுக்கும் ஸ்டாக் பானைக்குப் போகும், அந்த ஸ்டாக் சூப்புக்குப் போகும். பாக்கெட் தூளில் சூப் போடும் இடத்தில் எலும்பு நேரே குப்பைக்குத்தான் போகும்.

கரும்பலகையில் எழுதியிருக்கும் ‘இன்றைய ஸ்பெஷல்’ பற்றியும் ஒரு வார்த்தை. பலகையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நேற்று எழுதி அழித்த சாக்பீஸ் புகை மாதிரி பின்னால் தெரிந்தால் தைரியமாக வாங்கலாம். எழுத்து மங்கி, ஓரத்தில் தூசி படிந்திருந்தால் அந்த ‘இன்று’ ஒரு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. பரிமாறுபவரிடம் “எது நல்லா இருக்கும்?” என்று கேட்காதீர்கள், “எல்லாமே நல்லா இருக்கும்” என்றுதான் பதில் வரும். “இன்றைக்கு உள்ளே எது நல்லா வந்திருக்கு?” என்று கேளுங்கள். எங்கள் இடத்தில் மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் நின்றபடியே ஒரு வாய் சாப்பிடுவோம், அதனால் பரிமாறுபவருக்கு அன்றைய ருசி தெரியும். நேராகக் கேட்டால் நேராகச் சொல்வார்.

சாலட் என் துறை என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இலையைக் கழுவிய பிறகு சுழற்றி, துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் இலையில் ஒட்டாது, டிரெஸ்ஸிங் எல்லாம் வழிந்து தட்டின் அடியில் குளமாக நிற்கும். முதல் வாரம் நான் அனுப்பிய சாலட் எல்லாம் அந்த லட்சணம்தான். சமைப்பவர் திட்டவில்லை. ஒரு தட்டை என் முன்னால் சாய்த்துப் பிடித்தார், ஓரத்தில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவரே ஒரு தரம் உலர்த்திக் காட்டினார். சாலட் அடுக்குவது பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களில் கடைசி ஆள். அந்தக் கடைசி ஆளுக்கு யாராவது நின்று சொல்லித் தந்திருக்கிறார்களா என்பது உங்கள் தட்டின் அடியில் தெரிந்துவிடும். புது இடத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது சாதாரண பச்சை சாலட்தான்.

பிஸ்ட்ரோ என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. 1814-ல் பாரிஸுக்குள் வந்த ரஷ்யப் படைவீரர்கள், சாப்பாட்டைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லி ‘பீஸ்த்ர’ என்று கத்தினார்களாம், அதுதான் பெயராகிவிட்டதாம். பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் ஓர் உணவகத்தின் சுவரில் இதைச் சொல்லும் பலகையே மாட்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் பிரெஞ்சில் அச்சில் ஏறியது 1880-களில்தான், நடுவில் எழுபது வருட மௌனம். மொழி ஆய்வாளர்கள் இந்தக் கதையை ஒப்புவதில்லை. நடு பிரான்சின் ஓவெர்ஞ் பகுதியிலிருந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்தவர்கள் நடத்திய, கரியும் விறகும் மதுவும் ஒன்றாக விற்ற கடைகள் நிஜமான வரலாறு. பல பிஸ்ட்ரோக்கள் அங்கிருந்து வளர்ந்தவை. இன்னொன்று: 1992-ல் ஈவ் காம்தெபோர்த் என்ற சமையல் கலைஞர் பாரிஸின் பெரிய ஹோட்டல் சமையலறையை விட்டு வந்து ‘லா ரெகலாத்’ என்ற சின்ன இடத்தைத் திறந்தார். ஆடம்பரத்தை உதறிவிட்டு, பெரிய இடத்துக் கைத்திறனை எளிய விலையில் தந்தார். ‘பிஸ்ட்ரோனமி’ என்று பின்னால் பெயர் வாங்கிய போக்கு அதிலிருந்து கிளம்பியதாகத்தான் சொல்வார்கள்.

இத்தனையும் தெரிந்த நானே ஒரு முறை சொதப்பினேன். ஒரு சனிக்கிழமை இரவு, முன்கூட்டிச் சொல்லாமல் எட்டு நண்பர்களோடு ஒரு சின்ன இடத்துக்குள் நுழைந்தோம். டேபிள்களை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்றாக ஒன்பது வகை கேட்டோம். சாப்பாடு மூன்று தவணையாக வந்தது. முதலில் வாங்கியவர் கை கழுவி வரும்போது கடைசி ஆளுக்குத் தட்டு வைக்கிறார்கள். எனக்கு வந்த வாத்து இறைச்சி ஆறிப்போயிருந்தது. பரிமாறியவர் வந்து “எப்படி இருக்கு?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டு “நல்லா இருக்கு” என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்துக்குக் காட்டமாக மதிப்புரை எழுதித் தள்ளினேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது, அன்று உள்ளே தொங்கிய ஒன்பது வகைச் சீட்டு கண்முன் வந்தது. நீக்கிவிட்டேன்.

அதனால் கூட்டமாகப் போனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எல்லோருமாகச் சேர்ந்து இரண்டு மூன்று வகைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் இரண்டாவது வாயிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போது சொன்னால் சூடாக்கித் தரலாம், மாற்றித் தரலாம். பில் வைக்கும்போது சொன்னால் அவர்களால் மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடியும். மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் சூப் அல்லது ஸ்டூவோடு நின்றுகொள்ளுங்கள். கிரில்லைத் தேய்த்துக் கழுவி முடித்திருப்பார்கள், அதைத் திரும்பப் பற்றவைப்பவரின் மனநிலையில் வெந்த எதையும் நான் சாப்பிட மாட்டேன்.

இப்போது என் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பழகிவிட்டது. சமையலறைக் கதவை ஒட்டிய டேபிளில் உட்காருவேன். சத்தம், ஆவி, போகிறவர் வருகிறவர் இடிப்பார்கள் என்று யாரும் அங்கே உட்கார மாட்டார்கள், எனக்கு எப்போதும் காலியாக இருக்கும். கதவு திறக்கும்போதெல்லாம் சிங்கில் யார் நிற்கிறார்கள் என்று கண் தானாகப் போகும். போன வாரம் ஒரு புதுப் பையன் நின்றிருந்தான், முழங்கை வரை நுரை. எனக்கு வந்த சாலட் தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் ஓடியது. இரண்டாவது வாயில் சொல்ல வேண்டும் என்று மேலே எழுதியது நான்தான். சொல்லவில்லை, சாப்பிட்டு முடித்தேன்.