மதர்போர்டு மாத்தினதும் ஒரிஜினல் சாஃப்ட்வேர் "லைசென்ஸ் செல்லாது"ன்னு சொல்லுது, க்ராக் (லைசென்ஸ் பூட்டை உடைச்ச திருட்டுக் காப்பி) போட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இது எப்படி நியாயம்?

நியாயமே இல்லைங்க. நான் வேளச்சேரில டிடிபி சென்டர் வச்சிருக்கேன், நீங்க படற இதே வேதனைய 2023 டிசம்பர்ல முழுசா பட்டவன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

மிக்ஜாம் புயல் மழையில கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி. ரெண்டு சிபியுவும் கீழ தரையில இருந்துச்சு, ரெண்டுமே மூழ்கிப் போச்சு. தண்ணி வடிஞ்சு கரண்ட் வந்தப்புறம் ஹார்ட் டிஸ்க்க கழட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன், ஒண்ணுல இருந்து மட்டும் டேட்டா எடுத்துக் கொடுத்தாங்க, அந்தப் பையனுக்கு இன்னிக்கும் நன்றி சொல்லணும். அங்கயே கடன் சொல்லி ஒரு புது சிஸ்டம் அசெம்பிள் பண்ணி எடுத்துட்டு வந்து, பத்திரிகை வடிவமைக்கிற லேஅவுட் சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணி சீரியல் நம்பர் அடிச்சா, "இந்த லைசென்ஸ் ஏற்கனவே ரெண்டு கம்ப்யூட்டர்ல இருக்கு, பழைய கம்ப்யூட்டர்ல டீஆக்டிவேட் பண்ணிட்டு வாங்க"ன்னு வருது. பழைய கம்ப்யூட்டர் ரெண்டும் வாசப்படி பக்கத்துல சேறு அப்பிக் கிடக்கு, ஆன் கூட ஆகாது, அதுல நான் எங்க போய் டீஆக்டிவேட் பண்றது?

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். பில்ல ஸ்கேன் பண்ணி அனுப்புங்கன்னாங்க. பில் ஃபைல் மேசை கீழ் டிராயர்ல இருந்துச்சு, பிரிச்சுப் பார்த்தா மை எல்லாம் கரைஞ்சு ஊதாக் கறையா இருக்கு, தேதியும் தெரியல தொகையும் தெரியல. கடைசில விற்ற டீலரே தன்னோட பழைய பில் புக்கத் தேடி கார்பன் காப்பிய ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். லைசென்ஸ் திரும்ப வேலை செய்ய ஒன்பது நாள் ஆச்சு. அந்த ஒன்பது நாள்ல தை முகூர்த்தப் பத்திரிகை ஆர்டர் மூணு கையை விட்டுப் போச்சு. ஒரு அம்மா, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, மார்கழி பொறக்கறதுக்குள்ள குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்கணும்"னு சங்கடப்பட்டுக்கிட்டே அட்வான்ஸ திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. அடுத்த தெருக் கடையிலயும் தண்ணி புகுந்துச்சு, ஆனா அவர் வச்சிருந்தது க்ராக், பென் டிரைவ்ல இருந்து போட்டு ஒரு மணி நேரத்துல வேலைய ஆரம்பிச்சுட்டார். அந்தப் பத்திரிகை அங்கதான் அடிச்சாங்க.

ஏன் இப்படின்னா, சாஃப்ட்வேர் நம்ம மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு இதோட அடையாள எண்களை எல்லாம் சேர்த்து அந்த மெஷினுக்குன்னு ஒரு கைரேகை மாதிரி எடுத்து கம்பெனி சர்வர்ல பதிஞ்சு வச்சுக்குது, போர்டு மாறினா அதைப் பொறுத்தவரை அது வேற மெஷின். க்ராக் பண்றவங்க அந்தச் சோதனை நடக்கிற பகுதியவே வெட்டி எடுத்துடறாங்க. அப்ப சோதனை யார் வீட்டுல நடக்குது? காசு கொடுத்தவன் வீட்டுல மட்டும்தான். எனக்கு இதுதான் தாங்க முடியல.

நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதும் இல்ல. 2007 ஆகஸ்ட்ல மைக்ரோசாஃப்டோட சர்வர்லயே தப்பு நடந்து, ஒழுங்கா வாங்கின விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா மெஷின்களை ஏறக்குறைய 19 மணி நேரம் போலின்னு சொல்லிச்சு. இன்னும் டெஸ்டிங்ல இருந்த ப்ரோக்ராம் கோட தெரியாம நிஜ சர்வர்ல ஏத்திட்டாங்கன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அடோபி 2012 டிசம்பர்ல தன்னோட பழைய டிசைன் சாஃப்ட்வேர் தொகுப்பான சிஎஸ்2க்கான ஆக்டிவேஷன் சர்வரை மூடினப்ப, ஏற்கனவே வாங்கினவங்களுக்கு ஆக்டிவேஷனே தேவைப்படாத வேற காப்பி கொடுத்தாங்க. அது சரியான செயல், எல்லாரும் அப்படிப் பண்றதில்ல.

சோதனையே வேணாம்னு நான் சொல்லல, எழுதினவங்களுக்கும் சம்பளம் வேணும். க்ராக் போடுங்கன்னும் சொல்லல, அதோட சேர்ந்து வைரஸ் வந்து பார்ட்டியோட ஃபைல் எல்லாம் போனத என் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா சந்தேகம் வந்தா வேலைய நிறுத்தாம ஒரு மாசம் அவகாசம் கொடுக்கலாமே, பழைய மெஷின நம்ம அக்கவுண்ட்லயே நீக்கிக்க வழி வைக்கலாமே.

உங்க விஷயத்துல, விண்டோஸா இருந்தா மெஷினோட சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் பொதுவா பழைய போர்டோட போயிடும், தனியா வாங்கின ரீடெய்ல்னா மாத்திக்கலாம், அதை முன்னாடியே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட இணைச்சிருந்தா விண்டோஸ் செட்டிங்ஸ்ல இருக்கிற ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டர்ல ஹார்டுவேர் மாத்தினேன்னு சொல்லி மீட்டுடலாம். வேற சாஃப்ட்வேர்னா ஃபோன்ல மட்டும் பேசாதீங்க, மெயில்ல எழுதுங்க, பில், போர்டு மாத்தின ரசீது ரெண்டையும் அனுப்பி எத்தனை நாள்ல சரி பண்ணுவீங்கன்னு பதில் வாங்கிக்கோங்க. அதுக்கும் அசையலன்னா 1915க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டு புகார் பதிவு பண்ணுங்க. பில்லையும் சீரியல் நம்பரையும் இன்னிக்கே ஃபோட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுடுங்க, நான் இப்ப அப்படித்தான் வச்சிருக்கேன், சிபியுவும் இப்ப மேசை மேலதான் இருக்கு.