ஊர்ப் பல் கிளினிக்கில் எதைப் பார்க்க வேண்டும்? கேள்வி பதில்

பல் கிளினிக்குகளில் தொற்றுத் தடுப்பை ஆய்வு செய்பவர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கடைவாய்ப்பல் பிடுங்கணும். கருவி சுத்தமான்னு நோயாளிக்கு எப்படித் தெரியும்? (செஞ்சி)

கருவி எதிலிருந்து வெளியே வருகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் காகிதம், மறு பக்கம் பிளாஸ்டிக், ஓரம் ஒட்டிய பவுச். அதை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும். ஈரமாகவோ ஓட்டையாகவோ இருந்தால் அந்தப் பவுச் செல்லாது. அதன் மேலுள்ள குறி நிறம் மாறியிருந்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள். கிருமி செத்ததா என்பதை வாரம் ஒரு முறை செய்யும் ஸ்போர் டெஸ்ட்தான் (சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகளான ஸ்போர்களை உள்ளே வைத்துப் பார்க்கும் சோதனை) காட்டும். அதற்கான பதிவேட்டைத் தயங்காமல் கேட்கலாம்.

பல்லைக் குடையும் சுழல் கருவியான ஏரோட்டருக்கும் இதே விதி. சுழற்சி நிற்கும்போது எச்சிலும் ரத்தமும் அதன் உள்ளே போகலாம். ஸ்பிரிட் பஞ்சால் வெளியே துடைத்தால் உள்ளே எதுவும் ஆகாது. எண்ணெய் விட்டு, பவுச்சில் போட்டு, ஆட்டோகிளேவில் (அழுத்த ஆவியில் கிருமி நீக்கும் மெஷின்) வைக்க வேண்டும்.

எங்க டாக்டர் நீல விளக்குப் பெட்டியில வைக்கிறார். போதுமா? (விருத்தாசலம்)

போதாது. அது யூவி (புற ஊதாக் கதிர்) பெட்டி; சுத்தம் செய்ததை எடுத்து வைக்கிற அலமாரி மட்டுமே.

கொதிநீரில் அரை மணி நேரம்? (ஒட்டன்சத்திரம்)

100 டிகிரியில் ஸ்போர்கள் சாகாது.

பல் பிடுங்கின குழியைக் கழுவ, பாதி காலியான சலைன் பாட்டிலை எடுத்தாங்க. தப்பா? (ஆம்பூர்)

மிகப் பெரிய தப்பு. 2023-ல் உங்கள் பக்கத்து வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனவர்களுக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று வந்து 8 பேர் இறந்தார்கள். ஈறைப் பிரிக்கும் கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கு அதையே ஊற்றியதுதான் வழி என்று ஆய்வு காட்டியது. அந்தக் கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. சலைன் மருந்தல்ல, உப்புத் தண்ணீர். உள்ளே விழுந்ததை அது கொல்லாது. ஒரு நோயாளிக்கு ஒரு சிறிய பாட்டில், புதிதாகத் திறந்தது. மிச்சம் தொட்டிக்குள். மூடியில் ஊசி குத்தி வைத்த பாட்டிலைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

கிளினிக் வைத்திருக்கிறேன். அடிக்கடி கரண்ட் போகிறது. குக்கர் மாதிரி ஆட்டோகிளேவை காஸ் அடுப்பில் வைக்கலாமா? (அரூர்)

அடுப்பில் வைக்கவே செய்த மாடல் என்றால் வைக்கலாம். தப்பு அடுப்பில் நடப்பதில்லை, காற்றில் நடக்கிறது. மூடியதும் காற்றுக் குழாயைத் திறந்தே வையுங்கள். ஆவி விடாமல் சீராக 5 நிமிடம் வந்த பிறகு குழாயை மூடுங்கள். அழுத்த முள் 15 பவுண்டைத் தொட்டதும்தான் கடிகாரத்தைப் பாருங்கள். பவுச் போட்ட கருவிக்கு 30 நிமிடம். அடுக்கும்போது பவுச்சுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்துங்கள். பிடுங்கும் குறடுகளின் வாய் திறந்திருக்கட்டும். ரத்தம் காய்ந்திருந்தால் ஆவி அடியில் போகாது, முதலில் தேய்த்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து வால்வு அடைக்கும்; காய்ச்சி வடித்த நீர்தான். இந்த மாடலில் பவுச் ஈரமாகவே வெளியே வரும், அதுதான் தொல்லை. காயாமல் கையில் எடுக்காதீர்கள்.

வீட்டுக் குக்கரும் 15 பவுண்டுதானே? அப்புறம் எதுக்குத் தனி மெஷின்? (பென்னாகரம்)

அழுத்தக் கணக்கு சரி. ஆனால் முழுக் காற்றும் வெளியேறினால்தான் 15 பவுண்டில் 121 டிகிரி. பாதிக் காற்று உள்ளே நின்றால் அதே 15 பவுண்டில் 112தான். குக்கரில் முள் இல்லை, வெப்பமானி இல்லை. எத்தனை விசில் என்றுதான் எண்ண முடியும். விசில் அடித்தது என்று பதிவேட்டில் எழுத முடியுமா?

விசிலுக்கு முன்னாடி ஆவி வர விட்டு வெயிட் போட்டா காற்று போயிடுமே, ஐயா? (பென்னாகரம், மறுபடியும்)

போகும். வாதம் நல்ல வாதம். அரிசிக்கு அது போதும். ஆனால் இன்று போயிற்றா, நேற்று போயிற்றா என்பதை யாரிடம் காட்டுவீர்கள்? ஏரோட்டர் போல உள்ளே துளை உள்ள கருவிக்கு, காற்றை உறிஞ்சி எடுக்கிற பி வகை மெஷின் வேண்டும். உங்கள் குக்கரும் அரூர்க்காரரின் அடுப்பு மாடலும் அந்த இடத்தில் ஒன்றுதான். காசு இருந்தால் அதற்கே சேருங்கள். இதோடு குக்கரை மூடுகிறேன்.

மரத்துப்போக வைக்கும் மருந்தை ஒரே பெரிய குப்பியிலிருந்து எல்லாருக்கும் எடுக்கிறாங்களே? (சீர்காழி)

30 மில்லி லிக்னோகெய்ன் குப்பி நம்மிடம் சகஜம். ஒவ்வொரு முறை குத்தும்போதும் புது ஊசி, புது சிரிஞ்ச் என்றால் ஓடும். வாயில் போட்ட ஊசியை அதே குப்பியில் திரும்பக் குத்தினால் அந்தக் குப்பி கெட்டது. திறந்த தேதி எழுதி, 28 நாளில் தூக்கி எறிய வேண்டும். ஒருவருக்கு மட்டுமே போடும் 1.8 மில்லி கார்ட்ரிட்ஜ் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

அப்பாவுக்கு இதய மருந்து. நிறுத்திட்டு வரலாமா? (தேவகோட்டை)

நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையா என்று பெயரைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாற்காலியில் உட்காரும் முன் பிபி பார்க்காத இடத்தில் பிடுங்க வேண்டாம்.

பதிவு இருக்கான்னு எங்க பார்க்கறது? (மணப்பாறை)

டாக்டரின் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவெண், 1997-ம் ஆண்டு சட்டப்படியான கிளினிக் பதிவுச் சான்று, இரண்டும் சுவரில் இருக்கும். இல்லையென்றால் மாவட்ட இணை இயக்குநர், சுகாதாரப் பணிகள் அலுவலகம்.

யூவி பெட்டியில ரெண்டு மணி நேரம் வச்சா? (திருவாடானை)

விருத்தாசலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இம்ப்ளாண்டுக்கு எவ்வளவு ஆகும்?

இது விலை சொல்லும் இடமல்ல.

பிடுங்கின பல்லை வீட்டுக்குக் கேட்டா தரமாட்டேங்கறாங்க. (வந்தவாசி)

மஞ்சள் பையில் போவதுதான் வழக்கம். வேண்டுமென்றால் தரலாம், கிருமி நீக்கிய பிறகு. ஊசி மட்டும் துளைபடாத வெள்ளை டப்பாவில் போனதா என்று ஒரு கண் பாருங்கள்.

யூவி பெட்டி புது மாடல், ஓசோனும் வருதாம்…

பவுச் எங்கே?