தைத்து மிச்சப்படுத்திய பணம் எங்கே போனது?

கேள்வி: எனக்கு வயது 44. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். கிளினிக் ஒன்றில் எழுத்தர் வேலை. கைக்கு வரும் சம்பளம் 14,500 ராண்ட். இந்த ஆண்டு புதுத்துணி எடுப்பதில்லை என்று முடிவு செய்து, ஜனவரியிலிருந்து அலமாரியைப் பிரித்து அடுக்கி, இருப்பதையே தைத்தும் திருத்தியும் உடுத்திவருகிறோம். அம்மா டர்பனில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர் என்பதால் தையல் எனக்கும் வரும். ஆறு மாதத்தில் 2,600 ராண்ட் அளவுக்கு மிச்சப்படுத்தியிருப்பதாக நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் கையில் ஒரு காசு இல்லை. மூன்று துணிக்கடைகளில் எனக்குக் கணக்கு இருக்கிறது. பாக்கி 9,400, 6,200, 3,800 ராண்ட். மாதம் 1,350 தவறாமல் கட்டுகிறேன். இந்தப் பாக்கியில் ஏறக்குறைய 11,000 என் நாத்தனார் எடுத்த துணிகளுக்கு உரியது. அவர் மாதம் 500 தருவார், சில மாதம் தரமாட்டார். தருவதும் காய்கறிச் செலவில் கரைந்துவிடும். இப்போது அவருடைய மகளுக்குத் தீபாவளி கழிந்து கல்யாணம். நலங்குக்குக் குடும்பத்துப் பெண்கள் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் புடவை, 6,800 ராண்டுக்கு, என் கணக்கில் எடுத்துத் தரச் சொல்கிறார். கணவர், "அக்கா கேட்டால் எப்படி மறுப்பது?" என்கிறார். எல்லாக் கடனையும் ஒன்றாக்க 20,000 ராண்ட் தருவதாக ஒரு நிறுவனம் அழைக்கிறது. 36 மாதம், மாதத்துக்கு 950 மட்டுமே. வாங்கலாமா? அலமாரியை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் இணைய வகுப்பில் 1,200 ராண்ட் கட்டிச் சேரலாமா?

பதில்: வகுப்பு வேண்டாம். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவரின் மகளுக்குக் கால்சட்டையின் ஓரம் பிரித்து நீளம் விடுவதையும், ரவிக்கையின் பக்கத்தையலைத் தளர்த்துவதையும் 1,200 ராண்ட் வாங்கிக்கொண்டு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. முப்பது உருப்படி மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடச் சொல்லும் இந்த வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல, கடைசிப் பாடத்தில், அந்த முப்பதையும் புதிதாக எங்கே வாங்கலாம் என்ற பட்டியலோடுதான் முடிகின்றன. உங்கள் தையலில் குறை இல்லை. தைத்ததால் கிடைத்த மிச்சம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

ரொக்கத்துக்குத் துணி வாங்கும் வீட்டில் ஒரு பஞ்சாபி உடையை (சல்வார் கமீஸை)த் தைத்து மீண்டும் உடுத்தினால், புதியதற்கு ஆகும் 400 ராண்ட் கைப்பையிலேயே இருக்கும். நீங்கள் துணி வாங்குவது கடைக்கணக்கில். அதனால் நீங்கள் வாங்காமல் விட்ட 2,600 ராண்ட் ஒருநாளும் பணமாக உங்கள் கைக்கு வரவில்லை. நீங்கள் தவணை கட்டக் கட்ட, கடை உங்களுக்கு அனுமதித்த கடன் வரம்பில் அது காலி இடமாக ஏறி நின்றது. அந்தக் காலி இடத்தை உங்களுக்கு முன்னால் கவனித்தவர் நாத்தனார். நீங்கள் கடிதத்தோடு இணைத்திருக்கும் கடைக்கணக்கு அறிக்கைகளில் ஏப்ரலையும் மேயையும் பாருங்கள். மகனின் பழைய சீருடைக் கால்சட்டையையே நீளம் விட்டுச் சமாளித்த மாதத்தில், இரண்டாவது கடையில் 740 ராண்டுக்கு அவர் காலணியும் கைப்பையும் எடுத்திருக்கிறார். கணவருக்குச் சட்டைக் கழுத்துப்பட்டையைத் திருப்பித் தைத்த மாதத்தில் 680.

இனிக் கணக்கு. மூன்று கடைகளிலும் மொத்தப் பாக்கி 19,400 ராண்ட். இவ்வகைக் கணக்குகளுக்கு தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு (மற்ற வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) 14 சதவீதம் சேர்த்து வட்டி வாங்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. உங்கள் அறிக்கைகளில் 21 சதவீதம் என்று இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,070, அதாவது மாதத்துக்கு 340 ராண்ட். கணக்குப் பராமரிப்புக் கட்டணம் கடைக்கு 45 வீதம் 135. கடன் காப்பீடு, ஆயிரத்துக்கு 4.50 வீதம், சுமார் 87. இவை போதாதென்று, இரண்டு கடைகளில் நீங்கள் சேர்ந்ததே நினைவில் இல்லாத ஏதோ 'கிளப்' சந்தா 90. ஆக மாதத்துக்கு 650 ராண்ட் துணியாக மாறாமலே போகிறது. நீங்கள் கட்டும் 1,350-இல் மிஞ்சும் 700 மட்டுமே அசலைக் குறைக்கிறது. அந்த 700-க்கும் மாதாமாதம் நாத்தனார் மறுபடி துணி எடுத்துவிடுகிறார். ஒன்றரை ஆண்டாகப் பாக்கி பத்தொன்பதாயிரத்தைச் சுற்றியே நிற்பதற்கு வேறு மர்மம் ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கண் வலிக்கத் தைத்து நீங்கள் சேர்த்ததாக எழுதியது 2,600. அதே ஆறு மாதத்தில் கட்டணமும் வட்டியுமாகப் போனது 3,900.

கடன்களை ஒன்றாக்கும் கடனைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். மாதம் 950 என்பது 1,350-ஐவிடக் குறைவாகத் தெரிவதால்தான் அதை அப்படி விற்கிறார்கள். 950-ஐ 36-ஆல் பெருக்கினால் 34,200. இப்போது கட்டும் 1,350-ஐயே தொடர்ந்து கட்டி, கிளப் சந்தாவை நிறுத்தி, புதிதாக எதையும் எடுக்காமல் இருந்தால், 19 அல்லது 20 மாதத்தில் மூன்று கணக்கும் முடிந்துவிடும். மொத்தம் 27,000 ராண்டுக்குள் அடங்கும். அந்த நிறுவனம் தருவதுபோன்ற அடமானம் இல்லாத கடனுக்கு ரெப்போவோடு 21 சதவீதம் வரை வட்டி வாங்கலாம். தொடக்கக் கட்டணமாக மட்டும் வாட் வரி நீங்கலாக 1,050 ராண்ட் வரை பிடிக்கலாம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: அந்த 20,000 வந்து கடைப் பாக்கிகளை அடைத்த மறுநாள், மூன்று கணக்குகளிலும் வரம்பு முழுவதும் காலியாக நிற்கும், கல்யாணமும் அப்போதுதான் வரும். வட்டியில்லாமல் மூன்று தவணையில் கட்டலாம் என்று கைப்பேசிச் செயலிகள் இப்போது கடைக்குக் கடை அழைக்கின்றனவே, அவற்றையும் இதே காரணத்துக்காக உங்களுக்குப் பரிந்துரைக்கமாட்டேன். தவணை தவறாதவர்களுக்கு அவை தீங்கில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பெயரில் கடன் எடுத்து இன்னொருவர் உடுத்தும் வழக்கம் இருக்கும்வரை, புதிய செயலி என்பது நான்காவது கணக்குதான்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது முதலில் ஒரு கடிதம். மூன்று கடைகளுக்கும், 'என் கடன் வரம்பை இப்போதைய பாக்கித் தொகைக்குக் குறைத்துவிடுங்கள். என் எழுத்துப்பூர்வமான கோரிக்கை இல்லாமல் உயர்த்த வேண்டாம்' என்று எழுதி அனுப்புங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் வரம்பைக் குறைக்கக் கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. கடைப் பெண் கவுண்டரில் முகம் சுளித்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பாக்கி குறையக் குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள். அதே கடிதத்தில் கிளப் சந்தாவையும் நிறுத்தச் சொல்லுங்கள். வட்டி மூன்றிலும் ஒன்றே என்பதால் 3,800 பாக்கியுள்ள சிறிய கணக்கை முதலில் அடைத்து மூடிவிடலாம். அதோடு அந்தக் கடையின் மாதக் கட்டணமும் நின்றுவிடும். நாத்தனார் தரும் 500-ஐக் கையில் வாங்காதீர்கள். கடைக்கணக்கின் எண்ணைக் கொடுத்து நேராக அதிலேயே கட்டச் சொல்லுங்கள். அவர் ஒழுங்காகக் கட்டினால் 19 மாதம் என்பது 14 மாதமாகக் குறையும்; கட்டாவிட்டால், எத்தனை மாதம் கட்டவில்லை என்பது அறிக்கையிலேயே அச்சாகியிருக்கும், நீங்கள் வாய்திறந்து கேட்கவேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்பதால் கடை உங்களைத்தான் தேடிவரும் என்பதையும், தவணை தவறினால் கெடுவது உங்கள் கடன் பதிவு என்பதையும் கணவருக்கு ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். மகனின் மேற்படிப்புக்கு நாளை நீங்கள் இருவரும் வங்கிக்குப் போகும்போது, அவர்கள் அக்காவின் பெயரைத் தேடிப் பார்க்கப்போவதில்லை.

நலங்குப் புடவை விஷயத்தில் என் பதில், எடுத்துத் தர வேண்டாம் என்பதே. வரம்பைக் குறைத்துவிட்டால் அந்த மறுப்பை நீங்கள் சொல்லவேண்டியதும் இல்லை, கணக்கில் இடமில்லை என்று கடை சொல்லிவிடும். ஆனால் மறுப்போடு ஒரு வழியும் காட்டினால் உறவு கசக்காது. எட்டுப் புடவைகளும் ஒரே மாதிரி இருந்தே தீரவேண்டும் என்றால், நாத்தனார் தன் பெயரிலேயே லே-பையில் எடுத்துவைக்கட்டும். அதற்கு வட்டி கிடையாது. கடைசித் தவணை கட்டும்வரை துணி கடையிலேயே இருக்கும். கல்யாணத்துக்கு இன்னும் நான்கைந்து மாதம் இருப்பதால் காலமும் போதும். ஒரே நிறம் போதும் என்றால் செலவே இல்லை. டர்பனில் காவடிக்கு மஞ்சள் உடுத்தும் தமிழ்க் குடும்பத்தில் மஞ்சள் புடவைக்குப் பஞ்சமா? எட்டுப் பெண்களும் தத்தம் அலமாரியைத் திறந்தால் தைப்பூசத்துக்கு உடுத்திய புடவை ஒன்றாவது வரும். சாயல் சற்று முன்பின்னாக இருக்கலாம். படம் எடுப்பவரைத் தவிர யாரும் அதைக் கவனிக்கப்போவதில்லை.

உங்கள் சொந்த அலமாரிக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: 38 புடவைகள் இருக்கின்றன, ரவிக்கை சேருவது ஒன்பதுக்குத்தான். அப்படியானால் மற்ற 29 புடவைகளும் இருந்தும் இல்லாதவைதான். விசேஷம் வரும்போதெல்லாம் 'உடுத்த ஒன்றுமில்லை' என்று தோன்றுவதும், 1,400 ராண்டுக்குப் புதுப்புடவை எடுப்பதும் இதனால்தான். அவை கிழிந்த புடவைகள் அல்ல. ஆகவே இனித் தரம் பிரிக்கும்போது புடவையை விட்டுவிட்டு ரவிக்கைகளை மட்டும் எடுத்துக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றையும் உட்புறமாகத் திருப்பிப் பக்கத்தையலைப் பாருங்கள். பழைய தையற்காரர்கள் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்குமேல் துணி விட்டுத் தைத்திருப்பார்கள். அதைப் பிரித்தால் சுற்றளவில் மூன்று அங்குலம்வரை கிடைக்கக்கூடும். பட்டு ரவிக்கையில் பிரித்த இடத்தில் பழைய ஊசித்துளைகள் கோடாகத் தெரியும். அது கைக்குக் கீழே மறைவதால் பாதகமில்லை. உள்ளே துணி விடாமல் ஓவர்லாக் அடித்து முடித்திருந்தால் அந்த ரவிக்கையை விட்டுவிடுங்கள், அதில் நேரம் செலவழித்துப் பயனில்லை. அக்குளில் வியர்வையால் பட்டு வெளுத்து இற்றுப்போயிருந்தாலும் அப்படியே.

உங்களுக்குத் தெரிந்த தையற்காரர் ரவிக்கையைத் தளர்த்த 80 ராண்டும், புதிதாகத் தைக்க, உள்துணியோடு, 250 ராண்டும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு ரவிக்கைகளை அவரிடமே கொடுத்தாலும் 960 ராண்ட்தான், ஒரு புதுப்புடவையின் விலைகூட இல்லை. நீங்களே பிரித்துத் தைத்தால் நூலும் கொக்கியும் வாங்கும் செலவோடு போய்விடும். கல்யாணத்துக்கு உங்களுக்கு வேண்டியவை நலங்குக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, மாலை வரவேற்புக்கு ஒன்று; மூன்றும் அந்த 29-க்குள்ளேயே இருக்கும் என்று நம்புகிறேன். டர்பனின் ஈரக்காற்றில் மடிப்போடு பல ஆண்டு கிடந்த பட்டு, மடிப்பிலேயே விண்டுபோவதுண்டு என்பதால், தேர்ந்தெடுக்குமுன் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கொசுவத்துக்குள் போகும் இடத்தில் விண்டிருந்தால் உட்புறம் மெல்லிய துணி வைத்து ஒட்டுப்போட்டு உடுத்தலாம். முந்தானையில் விண்டிருந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பிள்ளைகளின் துணிக்கு மட்டும் தையலை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். வளரும் பையனின் கால்சட்டையில் ஒருமுறை நீளம் விடலாம், இரண்டாம் முறை விடத் துணி இருக்காது. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சீருடைக்காகக் கடைக்கணக்கைத் தேடி ஓடுவதுதான் பல வீடுகளில் அந்த ஆண்டின் கடனுக்குத் தொடக்கம். இப்போதிருந்தே மாதம் 90 ராண்டை, அதாவது நிறுத்தப்போகும் கிளப் சந்தாவை, தனியாக எடுத்துவைத்தால் டிசம்பருக்குள் 450 ராண்டுக்குமேல் ரொக்கமாகக் கையில் இருக்கும். மூத்த வகுப்புப் பிள்ளைகளின் சீருடையை நவம்பரிலேயே கேட்டுவைத்தால் அந்தத் தொகை இன்னும் தூரம் போகும். சின்னம் பொறித்த மேற்சட்டையைத் தவிர மற்றதை ஒரே கடையில்தான் வாங்கவேண்டும் என்று பள்ளி சொன்னால், காரணம் கேட்கத் தயங்காதீர்கள். ஒரே விற்பனையாளரைக் கட்டாயப்படுத்துவதற்கு எதிராக, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது.

ரவிக்கைகளைத் தையற்காரரிடம் கொடுப்பதாக இருந்தால் ஆடி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். புரட்டாசி பிறந்தபின் தீபாவளித் தையலும் கல்யாணத் தையலும் சேர்ந்துகொண்டால், 80 ராண்ட் வேலையை அவர் எடுத்து அடியில் வைத்துவிடுவார்.